மச்சாளின் கண்கட்டு வித்தை

ஜூலை 6, ஞாயிறு

சோளகக் காற்று இன்னும் விடவில்லை. கொடியில் போட்ட சேலைகள் எல்லாம் புழுதி. மறுபடி அலச வேண்டும்.

சனசமூக நிலையத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை. தலைப்பையும் செயலாளரே தந்துவிட்டார்: 'மேடை மாயாஜாலத்தின் வரலாறு'. இம்முறை விழாவில் மஜிக் நிகழ்ச்சி இருக்கிறதாம். நல்லூர்க் கோயிலில் கொடியேற முன்னம் விழா முடிய வேண்டும், ஆகவே கட்டுரை அவசரம். பௌதிகம் படிப்பிக்கிற என்னிடம் ஏன் என்று கேட்டேன்.

"நீங்கள்தானே ரீச்சர் எல்லாத்தையும் நம்பாமல் வாசிக்கிற ஆள்."

பாராட்டா என்று தெரியவில்லை. மஜிக் செய்யப்போவது யார் என்று அவர் சொல்லவில்லை. மத்தியானம் இவர் சொன்னார். மீன்குழம்பைப் பிசைந்தபடி, என் முகத்தைப் பாராமல்: "வாசுகியாம்."

வாசுகி இவரின் தங்கை. எனக்கு மச்சாள். பக்கத்து வளவு. ஆஸ்பத்திரியில் மருந்தாளர். ஏழு வருடமாக அவளும் நானும் கதைப்பதில்லை. இணுவிலில் இது தெரியாத ஆள் இல்லை. கலியாண வீடுகளில் எங்கள் இருவரையும் இரண்டு பந்தியில் இருத்துவார்கள்.

பால்மா முடிந்துவிட்டது.

ஜூலை 9, புதன்

வெயில். பத்தாம் வகுப்பு விடைத்தாள் பாதி. மிச்ச நேரம் மாயாஜாலம்.

எழுதி வைத்தவை:

- கிண்ணமும் பந்தும். எல்லாவற்றிலும் பழையது. எங்கள் செப்படி வித்தையும் இதற்குச் சொந்தம்.
- தெருவில் நின்ற வித்தையை வால்கோட்டுப் போட்டு அரங்குக்குள் அழைத்துப் போனவர்களில் முக்கியமானவர் ஒரு பிரெஞ்சு மணிக்கூட்டுக்காரர்.
- இந்தியக் கயிற்று வித்தை. பார்த்தவரைத் தேடிப்போனால், பார்த்தவரை அறிந்த ஒருவர்தான் கிடைக்கிறார். ஊருலகமெல்லாம் பரப்பியது ஒரு பத்திரிகை.
- பெண்ணை இரண்டாக அறுத்தல். லண்டன், முதலாம் யுத்தத்துக்குப் பிறகு. அறுத்தவரின் பெயர் எல்லாப் புத்தகத்திலும். பெட்டிக்குள் மடங்கிக் கிடந்து வேலையைச் செய்தவளின் பெயர் தேடினால்தான்.

எனக்குப் பிடித்தது: ஆவியோடு பேசுகிறோம் என்று காசு வாங்கியவர்களின் கூட்டங்களுக்குப் போய்க் குட்டை உடைத்த மாயாஜாலக்காரர்கள். ஏமாற்றத் தெரிந்தவனுக்குத்தான் ஏமாற்றுத் தெரியும். அவர்களில் ஒருவர், தான் செய்வது வெறும் வித்தை என்று கத்திக் கத்திச் சொன்னாராம். படித்த நண்பர் ஒருவரே நம்பவில்லை. உமக்குச் சக்தி இருக்கிறது, மறைக்கிறீர் என்றாராம்.

இன்னொருவர். வெள்ளைக்காரர், மேடையில் சீனர். வெளியிலும் சீனராகவே. ஆண்டுக்கணக்காக ஊர் முன்னால் தன் சொந்தப் பாஷையில் ஒரு சொல் இல்லை. காட்சி முடிந்த பிறகும் வித்தை முடியவில்லை. பைத்தியமா, ஒழுக்கமா? கட்டுரையில் இந்த இடத்தில் ஒரு பந்தி நீட்டலாம்.

இவருக்குக் கால் உளைவு. நல்லெண்ணெய் சூடாக்கினேன்.

ஜூலை 12, சனி

எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது என்று நானே நம்ப மாட்டேன்.

இவர் காங்கேசன்துறைக்கு வேலைக்குப் போய்விட்டார். கப்பல் வரும் நாள். நான் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பின்வளவில் தகரச் சத்தம். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஆள் நுழைகிற ஒரு வேலிப்பொட்டு இருந்தது. கோபித்த மறுநாள் அவள் அதைத் தகரம் வைத்து அடைத்தாள். அந்தத் தகரத்தைத்தான் விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். நாய் குரைக்கவில்லை. வாலை ஆட்டியது.

"மச்சாள், ஒரு உதவி."

ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"இரும்" என்று கதிரையைத் தள்ளினேன்.

அவள் சொன்னது: கண்ணைக் கட்டிக்கொண்டு மேடையில் இருப்பாள். சனம் கையிலுள்ள சாமான்களைக் கொடுக்கும். ஒருவர் அதைத் தூக்கிக் காட்டுவார். இவள் என்ன சாமான் என்று சொல்வாள்.

"தூக்கிக் காட்டுற ஆள் என்ரை ஆளாய் இருக்க வேணும் மச்சாள். ஆனால் அது ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"இந்த ஊரிலை ஆரை ஏத்தினாலும் எனக்குச் சொந்தம். இல்லாட்டி அயல். இல்லாட்டி என்னட்டை மருந்து எடுக்கிற ஆள். என்னோடை கதையாத ஆள் நீங்கள் ஒராள்தான்."

சிரிப்பு வந்தது. இருமிச் சமாளித்தேன்.

"மேடையிலை ஏறிப் பொய் சொல்ல எனக்கு ஏலாது."

"ஆர் சொல்லச் சொன்னது? என்னோடைதான் நீங்கள் கதைக்கிறேல்லையே. வாயை மூடிக்கொண்டு நிண்டால் சரி. குறியெல்லாம் காலிலை."

மூக்கின் இரண்டு பக்கமும் இடைவெளி இருக்கும்வரை ஒருவரின் கண்ணை முழுதாகக் கட்ட முடியாதாம். கீழே, நிலம் தெரியும். பக்கத்தில் நிற்பவரின் கால் தெரியும். வலது கால் முன்னுக்கு வந்தால் பூட்டுத் திறப்பு. இடது கால், காசு. எளிமை. பௌதிகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்களாம், பரிசளிப்புக்கு முதல். செயலாளர் கேட்டாராம், பொம்பிளை மஜிக் செய்தால் பெட்டிக்குள்ளை ஆர் போறது என்று. கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்களாம். "பிழைச்சால் இனி எனக்கு ஒரு இடத்திலையும் மேடை இல்லை மச்சாள். ஆஸ்பத்திரியிலையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பினம்." இதைச் சொல்லும்போது கை சும்மா இருக்கவில்லை. என் கீரைத்தண்டு ஒன்று அவள் விரல்களுக்கிடையில் மறைந்து மறைந்து வந்தது. தனக்கே தெரியாமல் செய்கிறாள். நன்றாகச் செய்கிறாள்.

"எப்ப பழகினீர்?"

"அந்தச் சாமியார் வந்து போனாப் பிறகு."

சாமியார்தான் எங்கள் கோபம். அவள் வீட்டுக்கு வந்து வெறுங்கையால் திருநீறு கொட்டினார். வீடு நிறைய ஆட்கள். நான் விரலை ஒருக்கால் விரித்துக் காட்டச் சொன்னேன். கட்டியாக்கிய திருநீற்று உருண்டை ஒன்று விழுந்தது. நான் சொன்னது சரி, இன்றும் சரி. ஆனால் வீடு அவளுடையது.

"நீங்கள் சொன்னமாதிரிக் கையாலை செய்யலாமோ எண்டு பாக்கத்தான் தொடங்கினனான். செய்யலாம். எனக்கு அண்டைக்கு இன்னும் கோபம் வந்தது."

ஒரு நிபந்தனை சொன்னேன். சக்தி என்று ஒரு சொல் வரக்கூடாது. இது வித்தை, பழக்கம் என்று தொடக்கத்திலேயே சனத்துக்குச் சொல்ல வேண்டும்.

"ஓம். சொல்லுறன்."

தேத்தண்ணி கொடுத்தேன். முந்தி மூன்று கரண்டி சீனி போடுவாள். இப்போது சீனி இல்லையாம். எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 19, சனி

காற்றோடு மழைக்குணம். பெய்யவில்லை.

மூன்றாவது ஒத்திகை. சாப்பாட்டு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. திறப்பு, காசு, சீப்பு, கைலேஞ்சி, மணிக்கூடு, மூக்குக்கண்ணாடி, பேனை, போன், மோதிரம். குதிக்கால், பாதம், செருப்பைக் கழற்றி வைத்தல். பெருவிரலால் நிலத்தைத் தட்டினால் முடிந்தது, அடுத்தது.

பெரிய பிரச்சினை ஒன்றைக் கண்டுபிடித்தோம். சேலை. கரை காலை மூடிவிடுகிறது. உயர்த்திக் கட்ட வேண்டும். கட்டிக் காட்டினேன். வாசுகி விழுந்து விழுந்து சிரித்தாள். "வயலுக்கை இறங்கிற மாதிரி இருக்கு மச்சாள்."

"பட்டியலில் இல்லாத சாமானைத் தந்தால்?" என்று கேட்டேன்.

"தரமாட்டினம். சனத்தின்ரை பொக்கற்றுக்கை வேறை என்ன கிடக்கப்போகுது?"

கட்டுரையைக் கொடுத்தாயிற்று. வித்தைக்காரர் பார்ப்பவரைத் தானே தெரிவு செய்ததாக நினைக்கவைப்பது பற்றிய பந்தியை எடுத்துவிட்டேன். இடம் போதாது என்று செயலாளரிடம் சொன்னேன். இடம் இருந்தது. ஆக, மேடையில் மட்டும்தான் நான் பொய் சொல்ல மாட்டேன் போலிருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

நேற்று விழா. ஒழுங்காக எழுத வேண்டும்.

நல்ல சனம். தலைவர் உரை, உபதலைவர் உரை, நன்றியுரை போன்ற ஒன்று, பிறகு நன்றியுரை. வாசுகி கறுப்புச் சேலை, கைமுட்டிவரை சட்டைக் கை. சொன்னபடி முதலில் சொன்னாள்: "என்னட்டை ஒரு சக்தியும் இல்லை. இது வித்தை. பழகினால் நீங்களும் செய்யலாம்." லேஞ்சி நிறம் மாறியது, கயிறு ஒட்டியது. சின்னக் கைதட்டல்கள். பின்வரிசையில் ஒரு குரல்: "உது சட்டைக் கைக்குள்ளை!"

பிறகு கண்கட்டு. மேடைக்கு ஒராள் வேண்டும் என்றாள். முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"அவர் உங்கடை பெரியப்பான்ரை மகன்! இருக்கச் சொல்லுங்கோ!"

இன்னொருத்தி.

"உவ உங்களோடை ஒண்டாய் வேலை செய்யிறவ!"

வாசுகி கையை விரித்தாள். "அப்ப நீங்களே ஒராளைச் சொல்லுங்கோ. எனக்கு வேண்டப்படாத ஆளாய்ப் பாத்து."

பிறகு தேங்காய் விற்கிற துரை அண்ணையின் குரல்: "ரீச்சரை ஏத்துங்கோ! அவதான் உவவோடை கதைக்கிறேல்லை!"

கூரை போகிற சிரிப்பு. "ரீச்சர்! ரீச்சர்!" இவர் என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார். "போகாதையும். கரைச்சல்." நான் எழுந்தேன். ஏறும்போது கேட்டது: "ரீச்சர் ஏன் சேலையை உவ்வளவு உயர்த்திக் கட்டியிருக்கிறா? வெள்ளமோ?"

நான்தான் கண்ணைக் கட்டினேன். பஞ்சு, மேலே கறுப்புத் துணி. இறுக்கமாக. "பகை தீர்க்கிறா" என்றது யாரோ. அவள் கழுத்து வியர்த்திருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

திறப்பு. சொன்னாள். சீப்பு. சொன்னாள். போன். சொன்னாள். கைதட்டல் கனத்துக்கொண்டு வந்தது. செயலாளர் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

அப்போது நடுவரிசையில் இருந்து ஒருவர், தோட்டத்தால் நேரே வந்தவர் போல, காற்சட்டைப் பொக்கற்றுக்குள் கைவிட்டு எடுத்துத் தந்தார். சின்ன வெங்காயம். ஒன்று.

தூக்கிக் காட்டினேன். சனம் சிரித்தது. வெங்காயத்துக்குக் குறி இல்லை.

வாசுகி என் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். கால் அசையவில்லை. அவள் நெற்றியில் விரலை வைத்தாள், யோசிக்கிறவள் மாதிரி. சிரிப்பு அடங்கியது. பின்வரிசைக் குரல்: "முடிஞ்சுது!" இன்னொன்று: "பொம்பிளை மஜிக்!" அவள் மற்றக் கை கதிரை விளிம்பைப் பிடித்திருந்தது.

வெங்காயத்தை நழுவவிட்டேன்.

பலகையில் விழுந்து உருண்டது. நேரே போகாமல் வளைந்து, அவளின் செருப்பு நுனியில் முட்டி நின்றது.

"வேணுமெண்டு விழுத்துறா!" என்று துரை அண்ணை எழும்பியே விட்டார். "குழப்பப் பாக்கிறா! ரீச்சர், உது அழகில்லை!"

வாசுகி அவசரப்படவில்லை. தலையை நிமிர்த்தினாள். "வட்டமாய் இருக்கு. தோல் இருக்கு. கண்ணெல்லாம் எரியுது எனக்கு." நிறுத்தினாள். "வெங்காயம்."

அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வராது. கதிரைகள் விழுந்தன. செயலாளர் எழுந்து நின்று கைதட்டினார். நான் பெருவிரலால் ஒரு தட்டு, முடிந்தது. பிறகு இறங்கி வந்து என் இடத்தில் இருந்தேன். முகம் கடுகடுவென்று இருந்ததாம். இவர் சொன்னார்.

பரிசளிப்பு யார் நினைவிலும் இல்லை.

ஜூலை 28, திங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு. நுழைந்ததும் மேசையில் ஒரு வெங்காயம். யாரும் சிரிக்கவில்லை, அவ்வளவு கவனம்.

"மிஸ், உங்களுக்கே விளங்கேல்லையோ?"

"ஒளி நேர்கோட்டில் செல்லும். புத்தகத்தைத் திறவுங்கள்."

மேசை வெங்காயத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். சம்பலுக்குப் போனது.

தோற்றுப்போனவள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ரீச்சர் விழுத்தியும் பார்த்தா, வாசுகியைப் பிழை பிடிக்க ஏலவில்லை. கடையில், பஸ்ஸில், கோயிலடியில். இருபது வருடம் சேர்த்த பெயர். வருத்தப்பட வேண்டும் என்று காத்திருக்கிறேன், வருத்தம் வரவில்லை. நல்ல பசி எடுக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நல்லூருக்குப் போய் வந்தோம். மணல் சூடு.

வாசுகி மத்தியானம் வந்தாள், வேலிப்பொட்டால். சங்கிலியைத் துலைத்த ஒரு மனுசி அவளிடம் வந்து, எங்கே கிடக்கிறது என்று பார்த்துச் சொல்லட்டாம். இது வித்தை, பழக்கம் என்று எவ்வளவு சொல்லியும் போகவில்லையாம். "சக்தி உள்ள ஆக்கள் அப்பிடித்தான் பிள்ளை சொல்லுறது" என்றாளாம். அந்த மாயாஜாலக்காரரின் படித்த நண்பரானால் என்ன, இணுவில் மனுசியானால் என்ன.

பெரிய செய்தி: அரியாலையில் நவராத்திரிக்குக் கேட்டிருக்கிறார்கள். நாற்பது நிமிடம். கண்கட்டு கட்டாயம் வேண்டுமாம். ரீச்சரையும் கூட்டிவரட்டாம், வருவாவோ தெரியாது என்றாளாம் இவள்.

"அப்ப அதுவரைக்கும் நாங்கள் வெளியிலை கதைக்க ஏலாது" என்றாள்.

"அரியாலையில் எங்களை ஆருக்குத் தெரியும்?"

"இஞ்சை ரோட்டிலை நிண்டு சிரிச்சுக் கதைச்சால், செய்தி பஸ்ஸுக்கு முதல் அரியாலைக்குப் போயிடும்."

சரிதான். சீனராக வாழ்ந்த மனிதரை நினைத்தேன். கட்டுரையில் அவருக்குக் கொடுத்த பந்தி போதாது.

வெங்காயத்துக்கு ஒரு குறி சேர்த்தோம். இன்னொன்று மேடைக்கு அல்ல, எங்களுக்கு: பெருவிரலை இரண்டு தரம் தட்டினால், பின்னேரம் வாறன்.

அவள் போன பிறகு இவர் பின்வளவைச் சுற்றி வந்தார்.

"இஞ்சேரும், உந்தப் பொட்டுத் தகரம் காத்துக்குக் கழண்டுபோய்க் கிடக்கு. ஆணி அடிக்கட்டோ?"

"வேண்டாம். கிடக்கட்டும்."

தகரத்தைப் பார்த்தார், குசினி மேசையில் இரண்டு தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். துறைமுகத்தில் வேலை செய்கிற மனுசன், சாமான் பார்த்துப் பழக்கம்.

"ஓம், கிடக்கட்டும்" என்றார். ஆணிப்பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

துரை அண்ணையின் மகளுக்குக் கலியாணம். புழுக்கம். மண்டபத்தில் மின்விசிறி பாதி வேலை செய்யவில்லை. சேலை மாம்பழ நிறம், வழக்கம்போலக் கட்டினேன், கால் மூடும்படி. பிறகு ஏனோ சற்று உயர்த்திக் கட்டினேன்.

துரை அண்ணை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ரீச்சர், நல்ல நாளும் அதுவுமாய் நான் ஒண்டு கேக்கட்டோ? உவவோடை ஒரு வார்த்தை கதையுங்கோவன். அவ வெண்டிட்டா, நீங்கள் தோத்திட்டியள், அதோடை முடிஞ்சுதெண்டு விடுங்கோ."

"பாப்பம்" என்றேன்.

அவர் விடவில்லை. இரண்டு பந்தியில் இருத்துவதற்குப் பதில் வாசுகியை என் எதிரே கொண்டுவந்து இருத்திவிட்டார். மண்டபமே பார்த்தது. நான் வாழையிலையைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். பாயசம் வந்தது. ஒரு சொல் இல்லை. "கல்நெஞ்சுகள்" என்றது பின்னால் ஒரு குரல்.

மேசைக்குக் கீழே அவள் கால். பெருவிரல், இரண்டு தரம்.

வரும் வழியில் இவரை நிற்பாட்டிப் பால்மா வாங்கினேன். சீனி வாங்கவில்லை.