ராஜா நடந்த வழியில் நம் சமையல் கொட்டகை

கோஹாலாக் கரை
ஞாயிறு

அன்பு மகள் புவானானிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் லாஸ் வேகஸ் வெயிலில் வாடாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, மறுபடி படகில் போகிறார். கேயாவே மாமாவும் நலம், என்னோடு மட்டும் அதிகம் பேசுவதில்லை. நானும் நலம்தான், அடிபட்டது கௌரவம் மட்டும், அதற்கு மருந்து கிடையாது.

குழந்தையின் முதல் பிறந்தநாள் விருந்துக்கு எல்லாம் தயாரா என்று போனில் நீ கேட்டபோது நான் சேப்பங்கிழங்கு விலையைப் பேசி மழுப்பினேன் அல்லவா, காரணத்தை எழுதிவிடுகிறேன், எழுதினால் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது. பக்கத்து ஹோட்டல்காரர்கள் கடற்கரைப் பாதையை மறித்துச் சுவர் எழுப்பியதும், நான் வருடக்கணக்காக மாவட்டச் சபையில் வாதாடியதும் உனக்குத் தெரியும். நம் தீவை ஆண்ட பழைய ராஜாவும் அவர் ஆட்களும் நடந்த பாதை, பின்னால் ஆண்ட அரசி காலத்துச் சட்டப்படி அது மக்களுடையது, யார் வீட்டு வழியாகப் போனாலும் மறிக்க யாருக்கும் உரிமை இல்லை என்று முழங்கினேன். 'யார் வீட்டு வழியாக' என்ற இடத்தில் மேஜையைத் தட்டியதாகவும் நினைவு. போன மாதம் ஜெயித்தோம். சுவர் போயிற்று. நில அளவைக்காரர்கள் சிவப்புக் கொடி நட்டுக்கொண்டே வந்தார்கள், நான் பழச்சாறு கொடுத்து உபசரித்தேன். கொடிகள் ஹோட்டலின் நீச்சல் குளத்தைத் தாண்டின, நம் வேலியைத் தாண்டின, நேராக மாமா கட்டிய சமையல் கொட்டகைக்குள் நுழைந்தன. ஒரு கொடி பன்றி சுடும் குழியடுப்பின் நடுவிலேயே நின்றது.

மாமா அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இத நீ புடுங்குறியா, நான் புடுங்கட்டுமா?" என்றான். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து, பாதை நம் வீட்டருகே கடல் பக்கமாக வளைந்திருக்கும் என்று நிரூபிக்கப் பார்த்தேன். ராஜா கொஞ்சம் தள்ளி நடந்திருந்தால் அவருக்கு என்ன குறைந்திருக்கும்? அலை அரித்து அரித்துப் பாதை இடம் மாறியிருக்கலாம் என்று ஒரு அருமையான வாதம் கிடைத்தது. எழுதி முடித்தபிறகுதான் தெரிந்தது, அது ஹோட்டல் வக்கீல் சொன்னது, அன்றைக்கு நான் சபையிலேயே வாய்விட்டுச் சிரித்த அதே வாதம்.

சரி, அளந்தாவது பார்ப்போம் என்று கொட்டகைக்குப் போய் அடுப்பு மேடைக்குக் கீழே குனிந்தேன். கருப்பு எரிமலைப் பாறையின் மேல், கடல் வழவழப்பாக்கிய தட்டைக் கற்கள், காலடிக்கு ஒன்றாக, வரிசையாக. நடப்பவர்களின் கால் கிழியாதிருக்கப் பழைய ஆட்கள் பதித்தவை. மாமாவைக் கேட்டால், "சமமா இருந்துச்சு, அதான் அடுப்ப அங்க வெச்சேன். இங்க நின்னா கால் வலிக்கலன்னு நீதானே சொன்ன?" என்றான். சொன்னேன்தான். பாதைகளைப் பற்றிப் பட்டம் வாங்கியவள், பாதையின் மேலேயே நின்று இத்தனை வருடம் மீன் பொரித்திருக்கிறேன்.

கொட்டகையை எடுத்துவிட வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். என் அம்மா போன பிறகு குடும்பம் சிதறாமலிருக்க அவன் தனியாளாகக் கட்டியது அது. "ஹோட்டல்காரன்கிட்ட ஜெயிச்ச, சந்தோஷம். தம்பிகிட்டயும் ஜெயிக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனவன் திரும்பிப் பார்க்கவில்லை.

நானே சுத்தியலோடு ஏணியில் ஏறினேன். கூரைத் தகட்டில் ஒரு ஆணியைப் பிடுங்குவதற்குள் கட்டைவிரல் வீங்கியது. அப்போதுதான் ஹௌலானி அத்தை வந்தார், அடுத்த குடாவிலிருந்து, பாதை வழியாகவே, பையில் சிப்பியோடு. சுவர் வந்ததிலிருந்து அவர் நம் வீட்டுக்கு வரவேயில்லை. ஹோட்டல் வழியாக வந்தால் வாசலிலேயே எந்த ரூம் என்று கேட்டு மறித்தார்கள், நெடுஞ்சாலை வழியாகச் சுற்றி வர அவரால் முடியவில்லை. கற்கள் மேல் கால் வைத்து நேராக நம் கொட்டகைக்குள் நடந்து வந்து, "ஏண்டி, கட்டுறியா இடிக்கிறியா? பாத்தா ரெண்டும் இல்லாத மாதிரி இருக்கு" என்றார். அந்தக் குரல் கேட்டு மாமா ஓடி வந்தான். அவரை உட்கார வைத்தான், அவர் வந்த வழியைக் கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு என் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கினான். "எறங்கு. நீ இடிச்சு முடிக்கிறதுக்குள்ள புள்ளைக்குக் கல்யாணமே வந்துரும்."

ஆகவே விருந்து நம் வீட்டில்தான். மாமா கொட்டகையைப் பிரித்துவிட்டு மலைப் பக்கமாகப் புதுக் குழியடுப்பு வெட்டிவிட்டான், விருந்தாளிகள் பாதை வழியே நடந்து வருவார்கள். மாமாவின் நிபந்தனை ஒன்றே: பிரார்த்தனைக்கு முன் எல்லோர் முன்னாலும், கொட்டகை போனது யாருடைய வாதத்தால் என்று என் வாயால் நான் சொல்ல வேண்டும். சபைக்கு நடுங்காதவள் இதற்கு நடுங்குகிறேன். நீ என் பக்கத்தில் நில், சிரித்தால் சத்தமில்லாமல் சிரி.

கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும், குழந்தைக்கு என் முத்தங்கள். தடித்த அடிப்பாகமுள்ள செருப்பு கொண்டு வா. எனக்குப் போன் செய்யும் முன் மாமாவுக்குச் செய். அக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டாள் என்று அவன் சொன்னால் நம்பாதே, பாதிதான் கேட்டிருக்கிறேன். மீதியை நீ வந்தபிறகு கேட்கிறேன்.

உன் பிரியமுள்ள
அம்மா