படகுக்காரனுக்கு நீ கொடுத்த குரல்

காரைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டியிருந்ததால் இன்று காலை உள்ளே துப்புரவாக்கினேன். பக்கத்து இருக்கையின் கீழே கையை விட்டபோது ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி அகப்பட்டது. உப்பு லக்ரிஸ். மூடியைத் திறந்ததும் தாரும் உப்பும் கலந்த மாதிரி அந்த மணம் எழுந்து வந்தது. நம் ஆட்கள் பலர் துப்பிவிடும் இந்த டேனிஷ் மிட்டாயை நீ மட்டும் நாள் முழுக்க வாயில் போட்டபடி இருப்பாய். "தொண்டைக்கு நல்லம் மச்சான்" என்பாய். துப்புரவாக்குகிற வேலையை விட்டுவிட்டு நான் அந்த இருக்கையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து பிராண்டேயில் இருக்கும் ஆலைக்கு எத்தனை வருடம் ஒன்றாகப் போய் வந்தோம்! ஒரு கிழமை முழுக்க உன் கார், மறு கிழமை முழுக்க என் கார். காற்றாலை இறக்கைகளுக்கு நாள் முழுக்கப் பிசின் பூசிவிட்டுத் திரும்பும்போது எனக்கு வாயைத் திறக்கவே பஞ்சியாக இருக்கும். நீ அப்போதுதான் தொடங்குவாய். நீ பார்த்த படங்களின் கதை சொல்வாய். சாதாரணமாகச் சொல்ல மாட்டாய். ஆளுக்கொரு குரல். கதவு கிறீச்சிடுவதும் உன் தொண்டைக்குள் இருந்துதான் வரும். ஒருமுறை சவப்பெட்டி திறக்கிற சத்தத்தை நீ போட்டபோது நான் பிரேக்கை மிதித்துவிட்டேன்.

உனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது அந்த ஒரு படம். பழைய ஆங்கிலேயப் பேய்ப்படம். படக்கதைப் புத்தகங்களில் வந்த பயங்கரக் கதைகளைச் சேர்த்து ஒரே படமாகக் கட்டியிருந்தார்கள். பனிப்புகாருக்குள் ஒரு படகு போகும். அதில் நாலு பேர், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். படகுக்காரன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நீ செய்ததைச் சொல் என்பான். சொல்லச் சொல்ல ஒவ்வொரு கதையாக விரியும். கடைசியில்தான் தெரியும், நாலு பேருமே ஏற்கெனவே செத்தவர்கள்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், அகதிகள் முகாமின் பொது அறைத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தாய். அப்போது உனக்கு ஆங்கிலமும் விளங்காது, கீழே ஓடிய டேனிஷ் எழுத்தும் விளங்காது. வாய் அசைகிறதைப் பார்த்து நீயாகவே பேச்சை வைத்துக்கொண்டாய். பல வருடம் கழித்து உன் பிறந்தநாளுக்கு நான் அந்தப் படத்தைத் தேடி வாங்கித் தந்தேன். இரண்டு பேரும் எழுத்தை வாசித்து வாசித்துப் பார்த்தோம். நீ எனக்குச் சொன்ன கதையும் படத்தில் இருந்த கதையும் பாதிக்கு மேல் பொருந்தவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"அவங்கள் பிழையாய் எடுத்துப்போட்டாங்கள் மச்சான்" என்றாய்.

பிறகு உன் குரல் கரகரக்கத் தொடங்கியது. தடிமன், வெறும் சளிதான் என்றாய். லக்ரிஸைக் கூட்டினாய். உன் மனைவி வற்புறுத்தித்தான் வைத்தியரிடம் போனாய். அங்கிருந்து ஓகூஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உன்னோடு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தவன் நான். வைத்தியர் இளம் பெண். சுற்றி வளைக்காமல் சொன்னார். புற்றுநோய். குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும். எடுத்தால் வாழலாம். பிறகு கழுத்தில் போடும் துளையால்தான் மூச்சு விடவேண்டும். கருவி வைத்து ஓரளவு பேசிப் பார்க்கலாம். ஆனால் இப்போது இருக்கிற குரல் இருக்காது.

நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "எத்தினை நாள் கிடக்கு?" உயிரைப் பற்றிக் கேட்கிறாய் என்று நினைத்து அவர் பதில் சொல்லத் தொடங்கினார். நீ தலையை ஆட்டித் தொண்டையைத் தொட்டுக் காட்டினாய்.

குரலைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், குடும்பத்துக்கு ஆறுதலாக இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். உன் மகள் அப்போது ஓகூஸில் படித்துக்கொண்டிருந்தாள். நீ தமிழில் கேட்டால் அவள் டேனிஷில் பதில் சொல்லுவாள், அப்படியே வளர்ந்தவள். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து உன் முன்னால் கைப்பேசியை வைத்து, "எனக்கு ஏதாவது சொல்லுங்கள். என் கலியாணத்தில் போட, பிள்ளைகள் பிறந்தால் போட" என்று டேனிஷில் கேட்டாள். கேட்கும்போதே அழுதுவிட்டாள்.

நீ கைப்பேசியைத் திருப்பி அவளிடமே தள்ளினாய். "நான் அந்தப் படத்துக்கு முழுக்கக் குரல் குடுத்துக் கதைக்கப்போறன்" என்றாய்.

உன் மனைவிக்கு வந்த கோபம்! "அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ. பிள்ளை ஒரு நல்ல வார்த்தை கேக்குது, இந்த மனிசன் பேய்ப்படம் எண்டு நிக்குது" என்று என்னிடம் முறையிட்டா. நானும் அவவின் பக்கம்தான் நின்றேன். ஒரு தேவாரமாவது பாடி வையடா என்றேன். அப்போது நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

"வாழ்த்துச் சொல்லேக்க வாற குரல் என்ர குரலே இல்லை மச்சான். அது எல்லாருக்கும் ஒண்டுதான். நான் கோவிக்கிறது, கெஞ்சுறது, பொய் சொல்லுறது, பயப்பிடுறது, இதெல்லாம் பிள்ளைக்கு எங்க கிடைக்கும்? அந்தப் படத்துக்குள்ள எல்லாம் கிடக்கு."



நூலகத்தின் சின்ன மண்டபத்தைக் கேட்டு எடுத்தோம். சத்திரசிகிச்சைக்கு முந்திய ஞாயிறு, பிற்பகல். வெளியே மழை. நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். என்ன நடக்கப்போகிறது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. ஓகூஸில் வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பொறியியலாளர் ஒருவர் தன் ஒலிக்கருவிகளோடு வந்திருந்தார். உன் முன்னால் ஒலிவாங்கியைச் சரிசெய்துவிட்டு, "சார், லெவல் கரெக்டா இருக்கு. தண்ணி பக்கத்துல வச்சிருக்கேன். நீங்க எப்ப வேணா ஸ்டார்ட் பண்ணலாம்" என்றார். அந்தப் பணிவிலேயே, உனக்கு நடக்கப்போவது அவருக்குத் தெரியும் என்று விளங்கியது. என் வேலை, படத்தின் சத்தத்தை நிற்பாட்டிவிட்டு ஓட விடுவது மட்டும்தான். மகள் கடைசி வரிசையில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

திரையில் பனிப்புகார் வந்தது. துடுப்பு தண்ணீரில் விழுந்தது. அந்தச் சத்தம் உன் வாயிலிருந்து வந்தது.

நான் உன்னோடு எவ்வளவு காலம் பழகியவன்! ஆனாலும் அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையில் தாள் இல்லை. முகாமில் இருந்த அந்தக் குளிர்காலத்தில் நீயாக இட்டுக்கட்டிய பேச்சு முழுவதும் அப்படியே உனக்குள் இருந்தது. வாடகைக்கு இருந்த கிழவரைச் சுவருக்குள் வைத்துக் கட்டிய வீட்டுக்காரன், "என்ர வீட்டுக்குள்ள நிண்டுகொண்டு எனக்கே கதை சொல்லுறியோ!" என்று உறுமினான். தொப்பி வைத்த ஆங்கிலச் சீமாட்டி கணவனின் கோப்பைக்குள் நஞ்சை விட்டுக் கலக்கியபடி, "தேத்தண்ணி ஆறப்போகுதப்பா, குடியுங்கோவன்" என்று குழைந்தாள். பிணங்களைத் திருடி விற்கிற வைத்தியன், தன் மேசையில் கிடத்தியிருந்த பிணம் கண்ணைத் திறந்ததும், "நான் இல்லை, நான் இல்லை" என்று கெஞ்சினான். அத்தனை பேரும் ஒரு தொண்டைக்குள். அதுவும் வெட்டியெடுக்கப் போகிற தொண்டைக்குள்.

தமிழ் விளங்காது என்று நாம் நினைத்திருந்த பிள்ளைகள், தாய்மாரின் மடியிலிருந்து இறங்கி முன்னால் வந்து நிலத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவரும் டேனிஷில் என்ன என்று கேட்கவில்லை.

நாலாவது கதையில் உன் குரல் உடைந்தது. முதலில் ஒரு சொல் காற்றாகப் போனது. பிறகு இரண்டு சொல். நான் படத்தை நிற்பாட்டக் கையைக் கொண்டுபோனேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். நல்ல இறுக்கமான பிடி. படகுக்காரன் கடைசியாக நாலு பேரையும் பார்த்துப் பேசுகிற இடம் வந்தது. உனக்கு அப்போது குரலே இல்லை, வெறும் மூச்சு. அந்த மூச்சாலேயே சொன்னாய்: "இறங்குங்கோ. கரை வந்திட்டுது." மண்டபமே முன்னால் சாய்ந்து கேட்டது. அந்த இடத்துக்கு அதைவிடப் பொருந்திய குரல் வேறு இருந்திருக்க முடியாது. வெளிச்சம் போட்டதும் எல்லோரும் எழுந்து, கோயிலுக்குள் நிற்பது போல நின்றார்கள். உன் மனைவி மட்டும் முன்னால் வந்து, தன் சால்வையை எடுத்து உன் கழுத்தைச் சுற்றிக் கட்டினா.

ஓய்வெடுத்ததில் குரல் கொஞ்சம் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிக்கு உன்னை நான்தான் ஏற்றிப் போனேன். வாசலில் இறங்கும்போது பெரிதாக ஏதாவது சொல்லுவாய் என்று எதிர்பார்த்தேன். "இதில கார் நிப்பாட்டாத, டிக்கெட் எழுதுவாங்கள்" என்றாய். அதுதான் உன் குரலில் நான் கேட்ட கடைசி வசனம்.

அதற்குப் பிறகும் நல்லாய்த்தான் வாழ்ந்தாய். கருவி உனக்கு ஒத்துவரவில்லை. கையாலும் கண்ணாலும் கைப்பேசி எழுத்தாலும் எங்களோடு சண்டை பிடித்தாய். மகளின் கலியாணத்தில் ஆடினாய். போன வருடம் நோய் நுரையீரலில் திரும்பி வந்து உன்னைக் கொண்டுபோகும் வரைக்கும், உன் பேச்சு போய்விட்டது என்றே எனக்குத் தோன்றியதில்லை.

சில கிழமைக்கு முன்னர் மகள் கூப்பிட்டு, ஒருமுறை வரச் சொன்னாள். ஓகூஸ் போனேன். நீ இருக்கும்வரை அந்தப் பதிவைத் தான் கேட்டதே இல்லை என்றாள். இப்போதுதான் கேட்கிறாளாம், ஒரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப. அதை எனக்குப் போட்டாள்.

தேத்தண்ணிக் கதை. கணவன் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகிறான். மண்டபத்தில் ஒரு பெண், தன்னை மறந்து, "ஐயோ, குடியாதேங்கோ!" என்று திரையைப் பார்த்துக் கத்துகிறா. எல்லோரும் சிரிக்கிறார்கள். அதற்குள், ஒலிவாங்கிக்கு மிக அருகில், ஒரு சிரிப்பு. சீமாட்டியின் சிரிப்பும் இல்லை, படகுக்காரனின் சிரிப்பும் இல்லை. உன் சிரிப்பு. மூக்கால் தொடங்கி வயிறு குலுங்கி அடங்குகிற சிரிப்பு. உனக்குப் பக்கத்திலேயே இருந்தும் அன்று நான் அதைக் கவனிக்கவில்லை.

"இதில அப்பா நடிக்கேல்ல, மாமா" என்றாள். தமிழில்தான் சொன்னாள். "அப்பாவுக்கு இதில உண்மையா சந்தோசம்."

அவள் திரும்பப் போட்டாள். அந்தக் கிழமையே உன் தொண்டையை எடுக்கப்போகிறார்கள். சிரிப்பும் அதோடு போகும் என்று உனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், யாரோ ஒரு பெண் போட்ட சத்தத்துக்கு எல்லாவற்றையும் மறந்து அப்படிச் சிரித்திருக்கிறாய். என்னால் நம்ப முடியவில்லை. மூன்றாம் முறையும் போடச் சொன்னேன்.

எனக்கும் ஒரு நாள் ஏதோ ஒரு வைத்தியர் எதிரே இருந்து ஏதோ ஒன்றைச் சொல்லுவார். அன்று நான் பயப்படுவேன், எனக்கு என்னைத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகும் ஒரு மனிதனால் அப்படிச் சிரிக்க முடியும் என்பதும் எனக்குத் தெரியும். யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. என் காதால் கேட்டிருக்கிறேன்.