குங்குமம் வைத்த பக்கம்

மைசூரு
5-10-1998

அமெரிக்காவில் இருக்கும் லீலா கண்ணுக்கு, உன் பழைய கம்பெனியின் அட்டெண்டர் தொட்டையன் தாத்தா சொல்லச் சொல்ல, மருமகள் கனகா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்குக் காதுவலி வரும்.

ஆயுத பூஜை முடிந்தது. கம்ப்யூட்டரில் மஞ்சள் பூசக் கூடாது என்று மில் ஆட்களின் வருகையைக் கணக்கிட நம் கம்பெனி எழுதிய புரோகிராம் முழுவதையும் பிரிண்ட் எடுத்துப் பூஜையில் வைப்போமே! நீ சேர்ந்த வருடம் அது என் கட்டைவிரல் தடிமன். போன வருடம் பதினொரு கட்டு. நானும் வாட்ச்மேன் பசவராஜும் நாலு நடை சுமந்தோம். இப்போது உன் வேலையைப் பார்க்கும் கிரண் என்னைக் கன்னடத்தில் தாத்தா என்று கூப்பிட்டு, "அஜ்ஜா, இதுல எது எங்க இருக்குன்னு எனக்கே தெரியல" என்று சிரிப்பான்.

போன மாதம் அந்தச் சிரிப்பு நின்றது. பாரத்தைக் குறைக்கிறேன் என்று புரோகிராமின் பழைய துண்டுகள் பலவற்றை வெட்டினான். உடனே நஞ்சன்கூடு மில்லில் என் மகன் முனிராஜுக்கு மூன்று நாள் ஆப்சென்ட் விழுந்தது. மாற்று ஆள் வராததால் அவன் நள்ளிரவு தாண்டியும் வேலை பார்த்த நாட்கள் அவை. வந்தது ஒரு தேதி, போனது மறு தேதி என்றால் ஆளே வரவில்லை என்று கம்ப்யூட்டர் எழுதிவிடுகிறதாம். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று சூப்பர்வைசர் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேலை போய்விடும் என்றும் சொன்னார்.

வெட்டியதில் எது என்று கிரணுக்குப் பிடிபடவில்லை. எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தால் புதிதாக எழுதியது நின்றுவிடுகிறதாம்.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஐந்து வருடத்துக்கு முன்பும் முனிராஜுக்கு இப்படியே ஆப்சென்ட் விழுந்து, நீதான் சரி செய்தாய். அந்தப் பூஜையன்று நீலப் புடவையில் வந்து, "தாத்தா, இது உங்க பையனோட பக்கம்" என்று காட்டினாய். அதற்குத் தனியாகக் குங்குமம் வைத்தேன். "அட்டையில வெச்சா சாமி ஏத்துக்காதா?" என்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

அந்த வருடத்துக் கட்டைப் பரணிலிருந்து இறக்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். சிவப்புப் பொட்டு வந்தது. கிரண் படித்துப் பார்த்துவிட்டு, "இதுதான் அஜ்ஜா, இதுதான்!" என்று என் காலைத் தொட்டான். அதைத் திரும்பச் சேர்த்ததும், சனிக்கிழமையே நோட்டீஸை வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

இந்த வருடம் முழுவதையும் பிரிண்ட் எடுக்கக் காகிதம் போதாது என்று முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும் எடுத்தார்கள். நான் பூஜைத் தட்டோடு நகராமல் நின்றேன். கிரண் மூன்றாவதாக அந்தப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தான்; அதற்குக் குங்குமம் வைத்தேன்.

எனக்குக் கையெழுத்து வராது. அதே குங்குமத்தில் கட்டைவிரலைத் தோய்த்துக் கீழே வைத்திருக்கிறேன். அது உன் நெற்றிக்கு. நல்லா இரு கண்ணு.