மொட்டை மாடிக்குப் பூட்டு

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். பள்ளிபாளையம். மில்லில் வேலை செய்யும் பெண்களின் ஹாஸ்டல். ஒரே தளம், நீள நடைவழி, தடித்த சுவர். உள்ளே சிக்னல் சுத்தமாகக் கிடையாது. சின்ன டவர் பெட்டி ஒன்று மாட்டித் தர வேண்டும். காண்ட்ராக்ட் சேகர் அண்ணனுடையது, அலைச்சல் என்னுடையது.

போனை நீட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தேன். நடையின் நடுவில் மாட்டினால் எல்லா அறைக்கும் எட்டும்.

கடைசி அறையில் கவிதா. ஊர் சேந்தமங்கலம். மகன் அவள் அம்மாவிடம் வளர்கிறான். ஷிப்ட் முடிந்ததும் மொட்டை மாடி ஏறித்தான் பேசுகிறாள். மழை வந்தால் அதுவும் இல்லை.
"ஏனுங்ணா, இனி ரூமுக்குள்ளயே கேக்குமா? பையன் இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கான்."
"கேக்கும்ங்க."
எனக்கு வாய் சும்மா இருக்காது.

ஜூன் 10, செவ்வாய்
புழுக்கம். ஏணி போட்டு ஏறினேன். கீழே மில் முதலாளி. பக்கத்தில் நின்ற வாஸ்துக்காரர் சொன்னார்:
"நடுவுல பாரம் தொங்கப்புடாது சாமி. கனமெல்லாம் கன்னி மூலையிலதான்."
கன்னி மூலை, அதாவது தென்மேற்கு. அங்கே இருப்பது வார்டன் அறை. கவிதா அறை எதிர்க் கோடி, வடகிழக்கு.
"அந்தக் கோடிக்கு எட்டாதுங்க. அங்க இன்னொரு பெட்டி வேணுமுங்க."
"ஈசானியத்துல பாரமா? மில்லு வெளங்குமா?"
பெட்டி ஒரு தேங்காய் கனம்கூட இல்லை.
சேகர் அண்ணன் காதருகே: "மூடிட்டு மாட்டுடா. வாஸ்துக்காகத் தண்ணி வந்த கெணத்தையே மூடிட்டு வேற வெட்டுன மனுசன் மொதலாளி."
வார்டன் கட்டிலுக்கு மேலே மாட்டினேன்.

ஜூன் 11, புதன்
சோதனை. கடைசி அறைகளின் அளவையும் அண்ணன் பெட்டிக்கு அடியில் நின்றே எடுத்தார். போனில் சிக்னல் வரைபடம் முழுக்கப் பச்சை, எல்லா அறைக்கும் எட்டுகிற மாதிரி.
"அண்ணா, இது பித்தலாட்டம்."
"அப்ப நீயே ஒரு கம்பெனி ஆரம்பி. காலேஜத்தான் உட்டுட்டியே, நேரம் கெடக்குதில்ல."
டீ குடிக்கும்போது வார்டனக்கா வந்தார். கையில் புதுப் பூட்டு.
"சிக்னலுதான் உள்ளயே வந்துருச்சே. இனி மாடி எதுக்கு? முன்னயே மொதலாளி சொல்லி வெச்சாரு, பொட்டி வந்ததும் பூட்டீருன்னு."
பெட்டியே மாடியைப் பூட்டத்தான். எனக்குத்தான் தெரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி
தூறல். பின்கட்டில் விட்டுவந்த ஏணியை எடுக்கப் போனேன்.

வார்டன் அறை வாசலில் வரிசை. முன்னால் கவிதா, போன் காதில். கட்டிலில் படுத்தபடியே வார்டனக்கா: "சுருக்கா பேசு. ஊட்டுக் கதையெல்லாம் இங்க வேண்டாம்."
"சாப்ட்டியா சாமி" என்று மகனிடம் கேட்டாள். உடனே வைத்துவிட்டாள்.

பின்கட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. சுவரில் சாய்ந்திருந்த ஏணியைப் பார்த்தாள். பிறகு மேலே, மாடியை.
"ஏனுங்ணா, இத மறந்துட்டுப் போன மாதிரி போயிருங்களேன்."

போன் அடித்தது. அண்ணன்.
"ஏணிய எடுத்தியா இல்லியாடா?"
அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"எடுத்துட்டேங்ணா."

ஏணியை வண்டியில் கட்டினேன். நாளை ஓமலூர். அங்கேயும் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். அங்கேயும் மொட்டை மாடி இருக்கும்.