மின்னிக்கு மூடிய வாளி

2009 ஏப்ரல் 26
இன்று யாரிடமும் கேட்காமல் நானே எழுதுகிறேன். அறுபத்தொன்பது வயதில் முதியோர் வகுப்புக்குப் போய்ப் படித்த எழுத்து. ஒரு வரி முடிவதற்குள் வாயில் போட்ட வெற்றிலை தீர்ந்துவிடுகிறது. அல்ஹம்துலில்லாஹ், என்ன சந்தோசம்!

மின்னி மடியில் கிடக்கிறது. என் மனைவி சல்மா வளர்த்த பூனை. சுனாமியாகக் கடல் வந்த அன்று சல்மா மௌத்தானாள். மின்னி கூரையில் ஏறிப் பிழைத்தது. அன்றிலிருந்து மகள் ஸகியா வீட்டில்தான் எங்கள் இருவருக்கும் சோறு.

மே 3
தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒழு எடுக்கும் வாளியில் வாய் வைத்து மின்னி நிறையக் குடிக்கிறது. பூனை குடித்த தண்ணீரில் ஒழு எடுக்கலாம், குற்றமில்லை. பூனைக் கிழவிக்கு இந்த வயதிலும் நல்ல தேகசுகம் என்று மகிழ்ந்தேன்.

மே 9
தொழுகைப் பாயில் மறுபடியும் மின்னியின் மூத்திரம். ஸகியா வெடித்தாள். "பாயெல்லாம் நஜீஸ், தொழ ஏலாது வாப்பா! எத்தின தரம் கழுவுற? இந்தக் கிழவிக்கு நீங்க தண்ணியக் குடுத்துக் குடுத்துத்தான் இப்பிடி."

நியாயம்தானே? வாளியை மூடி மேலே கல் வைத்தேன். மின்னி அதைச் சுற்றிச் சுற்றி நடந்தது.

மே 12
பாய் இன்றும் ஈரம். குடிக்காமல் எப்படிப் பெய்கிறது? கீரி மீன் வைத்தேன். முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

மே 14
மீன் கூடையில் வைத்து, ஓட்டோ பிடித்து, என்னை அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் மிருக வைத்தியர் கேதீஸ்வரனிடம் கொண்டுபோனேன். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் கிள்ளியபடியே நின்றது.

"தண்ணி குடிக்குதா காக்கா?"

"நான் மூடி வெச்சிட்டன், டொக்டர்."

அவர் மின்னியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "கிட்னி பழுது காக்கா. தண்ணி உடம்பில நிக்காம மூத்திரமாப் போயிரும். அதாலதான் அது அவ்வளவு குடிச்சது. தண்ணிய மட்டும் நிப்பாட்டிராதீங்க."

"சுகம் வருமா?"

"வராது. இருக்கிற நாள நோகாம வெச்சிருக்கலாம்."

தோலுக்கடியில் ஊசியால் தண்ணீர் ஏற்றினார்.

கிட்னி. இந்தச் சொல்லை எழுதத் தெரியாமலே இருந்திருக்கலாம். ஒரு பாய்க்காகவா மூடின நான்? மகள் ஏசுவாள் எண்டா? வாயில்லாத சீவன் — யா அல்லாஹ் —

மே 19
நாட்டில் நடந்த சண்டை முடிந்துவிட்டதாம். தெருவெல்லாம் பட்டாசு வெடிச் சத்தம். மின்னி அலுமாரிக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டது. ஸகியா தரையில் படுத்துத் தண்ணீர்க் கோப்பையை உள்ளே தள்ளினாள். "குடி புள்ள. இனி ஒண்டும் வெடிக்காது."

மே 27
மூலைக்கு மூலை கோப்பை. இன்று என் காலில் தட்டி மூன்று கவிழ்ந்தன. "கண்ண எங்க வெச்சிக்கிட்டு நடக்கிற வாப்பா?" என்று ஏச்சு எனக்குத்தான்.

ஜூன் 5
மாலை அசர் தொழுகைக்குப் பிறகு மின்னியைப் பின்வளவில் புதைத்தோம்.

ஜூன் 6
சுபஹு தொழுதுவிட்டு எழுந்தேன். ஸகியா பாயைச் சுருட்டிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள்.

"காஞ்சிதானே கிடக்கு, மகள்?"

"ஓம் வாப்பா" என்றாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.