சிபாரிசுப் படிவம்

உப்பளம், புதுச்சேரி
5.7.2004

அன்புள்ள மாமாவுக்கு,

செல்வி எழுதுவது. நானும் அத்தையும் நலம். நீங்கள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாகிறது, இரண்டே கடிதம். அத்தை தபால்காரர் மேல் கோபமாக இருக்கிறார்கள்.

என் விண்ணப்பத்தை உங்கள் கம்பெனியில் கொடுத்தீர்களா? தட்டாஞ்சாவடி பிளாஸ்டிக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை இனிமேல் என்னால் முடியாது. எனக்கு மேலே புதிதாக ஒரு பி.இ. படித்தவரைப் போட்டிருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த சர்வரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். இரண்டு நாள் உட்கார்ந்து நான்தான் சரிசெய்தேன். முதலாளி அவருக்குக் கைகொடுத்துப் பாராட்டுகிறார். கேட்டால், "அவரு டிகிரிம்மா, நீ வெறும் சர்டிபிகேட்டுதான" என்கிறார். டிப்ளமாவைப் பாதியில் விட்டவள்தான் நான். ஆனால் அந்த சர்டிபிகேட்டுக்கான நெட்வொர்க் பரீட்சையில் ஆயிரத்துக்கு 943 வாங்கியிருக்கிறேன்.

உங்களுக்குப் போனில் இன்டர்வியூ நடந்தபோது ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நான் காலண்டர் தாளின் பின்பக்கம் பதில்களை எழுதி எழுதிக் காட்டினேனே, அன்றைக்குக் கை வலித்தாலும் சந்தோஷமாக இருந்தது. கல்யாணமாகி எட்டு மாதத்தில் ஐந்து மாதம்தான் சேர்ந்து இருந்திருக்கிறோம். அங்கே எனக்கும் வேலை கிடைத்தால் போதும்.

உங்கள்
செல்வி

பெங்களூர்
14.7.2004

அன்புள்ள செல்விக்கு,

நலம். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. அம்மாவிடம் சொல்.

உன் விண்ணப்பத்தைக் கொடுத்து, சிபாரிசுப் படிவமும் நிரப்பிக் கொடுத்தேன். நடக்காது போலிருக்கிறது. டிகிரி இல்லாவிட்டால் இங்கே கூப்பிடுவதே இல்லை. சர்டிபிகேட் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. வெளியே விற்கிற கேள்வி பதிலை உருப்போட்டுத் தேறிவிட்டு வந்து நிற்கிறவர்கள் அவ்வளவு பேர். உன்னைச் சொல்லவில்லை.

ஒரு வழி இருக்கிறது. ஹரிகிருஷ்ணன் என்று ஒருவர் பழைய தேதி போட்டு, வடக்கே ஏதோ பல்கலைக்கழகத்து பி.எஸ்சி. பட்டம் வாங்கித் தருவார். எங்கள் டீமிலேயே இரண்டு பேர் அப்படி வந்தவர்கள்தான். யோசித்துச் சொல்.

26-ந் தேதி எனக்கு ஒரு டெஸ்ட். ஒரே நெட்வொர்க் சுவிட்சில் இரண்டு டிபார்ட்மென்டின் கம்ப்யூட்டர்களைத் தனித்தனியாகப் பிரிப்பது எப்படி என்று விவரமாக எழுதி கூரியரில் அனுப்பு. மறந்துவிடாதே.

அன்புடன்
ராஜவேல்

வீராம்பட்டினம்
22.7.2004

திரு. ராஜவேல் அவர்களுக்கு,

இதை என் அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் கேட்ட பதில் இதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை உங்கள் கம்பெனியிலிருந்து பலராமன் என்ற அதிகாரி தட்டாஞ்சாவடி நம்பருக்குப் பேசினார். "டிகிரி கட்டாயம் இல்லம்மா, வேலை தெரிஞ்சா போதும்" என்றார். பிறகு தயங்கித் தயங்கி நீங்கள் நிரப்பிய படிவத்தைப் படித்துக் காட்டினார். ‘விற்கிற கேள்வி பதிலை மனப்பாடம் செய்து தேறியவர். வேலை தெரியாது.’ 943 எடுத்தவளை ஒருதடவை கேட்டே பார்த்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியதாம்.

முக்கால் மணி நேரம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அடுத்த மாதம் சென்னைக் கிளையில் சேரச் சொல்லியிருக்கிறார்.

நான் அங்கே வந்தால் உங்களுக்கு வேலை தெரியாதது வெளியே வந்துவிடும் என்று பயந்திருக்கிறீர்கள். பயத்தை நான் பொறுத்துக்கொள்வேன். திருட்டுப் பட்டம் வாங்கச் சொன்னதற்குக்கூடச் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன். என் படிப்பின் மேல் காறித் துப்பிவிட்டு, அதே கையால் என்னிடமே டெஸ்டுக்குப் பதில் கேட்டு எழுதினீர்களே, அதுதான் அருவருப்பாக இருக்கிறது. உங்கள் கடிதத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

போனை வைப்பதற்கு முன்னால், படிவத்தில் ‘உறவு’ என்ற இடத்தில் நீங்கள் எழுதியதையும் படித்தார். ‘பக்கத்துத் தெருப் பெண். அதிகம் பழக்கமில்லை.’

"அப்படித்தானாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா சார், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு
க. அன்புசெல்வி