என் மாமியார் தேறிய பாடத்தை எனக்குத் திறந்துவிடக் கோரி

அனுப்புநர்:
பொது மருத்துவர்,
மருந்துக்கடைக்கு மேல்மாடி,
சந்தைச் சாலை.
(பதிவு எண் தங்கள் அறிவிப்பில் உள்ளபடி)

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
மருத்துவர் பதிவு மன்றம்.

பொருள்: ஆன்லைன் தொடர்கல்வி – வலிப்பு நோயுள்ள பெண்களுக்குக் கர்ப்பகால மருந்துகள் குறித்த பாடம் – நான் பாராமலே எனக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது – அதைத் தெரிவித்ததற்காக என்மீது நடவடிக்கை – பாடத்தை மீண்டும் திறக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: முறைகேடு குறித்து விளக்கம் கேட்டுத் தாங்கள் அனுப்பிய அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அறிவிப்பை நேற்று இரண்டு நோயாளிகளுக்கு நடுவே பிரித்துப் படித்தேன். அந்தக் கோபத்திலேயே எழுதினால் மரியாதை தவறிவிடும் என்று இன்றுவரை பொறுத்தேன். கோபம் குறையவில்லை. மரியாதையைக் காக்க மட்டும் முயன்றிருக்கிறேன்.

1. பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும் என்ற விதியை நான் எதிர்க்கவில்லை. மருந்துகள் மாறுகின்றன, அளவுகள் மாறுகின்றன. படிக்காத மருத்துவரிடம் நானே போக மாட்டேன். என் புகார் பாடத்தின் மீதல்ல, பாடத்துக்குக் காவல் வைத்திருக்கிறீர்களே, அந்தக் கேமராவின் மீது. திரைக்கு முன்னால் முகம் இல்லாவிட்டால் அது கீச்சிடும். சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும். அப்போதும் முகம் வராவிட்டால் பாடத்தை ரத்து செய்துவிடும். நெஞ்சுவலியோடு படியேறி வந்த வேன் ஓட்டுநருக்காக ஒருமுறையும், சட்டைப் பொத்தானை விழுங்கிய குழந்தைக்காக ஒருமுறையும் பாதியில் எழுந்து போனேன். இரண்டு முறையும் என் கணக்கில் "கவனக்குறைவு" என்று பதிந்தீர்கள். நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன் ஐயா, வேறு அறையில்.

2. இப்போது பேச்சுக்கு வந்திருக்கும் நாளில், மதிய இடைவேளையில் உள்ளறையில் அமர்ந்து மேற்படி பாடத்தைத் தொடங்கினேன். பேராசிரியர் தன்னை அறிமுகப்படுத்தி முடிப்பதற்குள், எதிர்க் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெயின்டரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குளவி கொட்டி முகம் வீங்கி, மூச்சு விசில் அடித்துக்கொண்டிருந்தது. தொடையில் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, அது போதாமல் இன்னொரு ஊசியும் போட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் பக்கத்திலேயே நின்றேன். அவர் பிழைத்துக்கொண்டார், மறுவாரமே அதே சாரத்தில் ஏறிவிட்டார். அதற்கு அவரை நான் திட்டியது தனிக் கதை.

3. இதற்கிடையில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் மாமியார் உள்ளறைக்குப் போயிருக்கிறார். அவர் ஒரு பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். கேமரா கீச்சிட்டுக்கொண்டிருந்ததால், பக்கத்து அறையில் உயிருக்குப் போராடும் ஒருவருக்கு இந்தச் சத்தம் ஆகாது என்று அதை நிறுத்தும் வழி தேடியிருக்கிறார். வழி தெரியாமல் கால்வலிக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்ததும் சத்தம் நின்றுவிட்டது. என் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் உள்ள ஒரே ஒற்றுமை, இருவரும் கண்ணாடி அணிந்திருப்பதுதான். தங்கள் கேமராவுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. நடந்ததை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "எந்திரிச்சா கத்துது, உட்கார்ந்தா அடங்குது. சரி, நீ வர்ற வரைக்கும் உட்கார்ந்திருப்போம்னு உட்கார்ந்துட்டேம்மா."

4. பாடம் முடிந்ததும் தேர்வு வந்திருக்கிறது. அதற்கும் பதில் சொல்லாவிட்டால் கீச்சிடும் என்று பயந்து சொல்லியிருக்கிறார். வலிப்பு மருந்து பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வேலையில் இருந்த காலமெல்லாம் வினாத்தாள் தயாரித்தவர். "கேள்வி எழுதறவங்க சரியான பதிலைத்தான் பார்த்துப் பார்த்து நீளமா எழுதுவாங்க. நீளமா இருந்ததையெல்லாம் அமுக்கினேன்" என்றார். எண்பத்தைந்து விழுக்காடு. "முழுக் கவனத்துடன் பயின்றமைக்கு" என்ற பாராட்டோடு என் பெயருக்குச் சான்றிதழ் வந்தது. நான் முழுக் கவனத்துடன் படித்த எந்தப் பாடத்திலும் எனக்கு எண்பதைத் தாண்டியதில்லை.

5. அன்றே தங்கள் உதவி எண்ணுக்கு அழைத்து, இது நான் பார்த்த பாடம் அல்ல, ரத்து செய்துவிட்டு மீண்டும் திறந்துவிடுங்கள் என்று கேட்டேன். எடுத்தவர், "மேடம், பாயின்ட் வந்துடுச்சில்ல? புதுப்பிக்க அது போதும். பேசாம விட்டுடுங்க" என்றார். நான் விடாமல் நடந்ததைத் தங்கள் மன்றத்துக்கு எழுதியும் அனுப்பினேன். சக மருத்துவர் ஒருவர் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார். "நாங்க ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணை உட்கார வைக்கிறோம், நீங்க மாமியாரை உட்கார வெச்சிருக்கீங்க. அவ்வளவுதானே?" என்றார். ஊரே இப்படித்தான் நடக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயார். ஆனால் எழுத்து மூலம் உண்மையைச் சொன்ன ஒருவருக்கு மட்டும் "ஆள்மாறாட்டம்" என்று அறிவிப்பு அனுப்பியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் நல்ல மருத்துவர்!

6. நான் ஏன் வாயை மூடவில்லை என்று தாங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என்னிடம் ஒரு பெண் வருகிறாள். அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை. சிறு வயதிலிருந்து வலிப்பு. மாத்திரையால் பல வருடங்களாகக் கட்டுக்குள் இருக்கிறது. கல்யாணமாகி இப்போது குழந்தை வேண்டும் என்கிறாள். அவள் சாப்பிடும் மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. மாற்ற வேண்டும், எதற்கு, எந்த அளவில், எவ்வளவு மெதுவாக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தங்கள் மன்றம் இந்த ஆண்டு அந்த அளவுகளை மாற்றி ஒரு சுற்றறிக்கை விட்டது. அதில் இருப்பது ஒரே வரி: "விவரங்களுக்குப் பாடத்தைக் காண்க."

பாடத்தைக் காணத்தான் உட்கார்ந்தேன். இப்போது திறந்தால் "நீங்கள் இதை முடித்துவிட்டீர்கள்" என்கிறது. நரம்பியல் நிபுணருக்குக் கடிதம் கொடுத்தேன். அவளுக்குக் கிடைத்த தேதி இரண்டு மாதம் தள்ளி. பாடத்தில் தேறிய மூன்று மருத்துவர்களைக் கேட்டேன். இருவருக்கு நினைவில்லை. மூன்றாமவர், ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

போன முறை வந்தபோது அந்தப் பெண், "நீங்க யோசிச்சுக்கிட்டே இருக்கீங்க டாக்டர். நானே மாத்திரையை நிறுத்திடறேன்" என்றாள். அவள் கை நாளெல்லாம் எந்தக் கத்திக்குக் கீழே போய் வருகிறது என்பது எனக்குத் தெரியும். இந்த வியாழன்வரை நிறுத்த மாட்டேன் என்று சத்தியம் வாங்கி அனுப்பியிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

7. தங்கள் அறிவிப்பில் உள்ள கேள்விகளுக்கு வருகிறேன். ஆள்மாறாட்டத்துக்கு உடந்தையாக இருந்தவர் யார்? என் மாமியார். அவருடைய நோக்கம்? சத்தத்தை நிறுத்துவது. அதனால் நான் அடைந்த ஆதாயம்? சான்றிதழ் ஒன்று; அதை இத்துடன் திருப்பி இணைத்துள்ளேன். குற்றம் உறுதியானால் அந்தப் பாடத்தை ஓராண்டுக்குத் திறக்கத் தடை என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆக, முடித்தவருக்கும் பாடம் கிடையாது, முறைகேடு செய்தவருக்கும் பாடம் கிடையாது. படிக்க வேண்டியவருக்கு அதை எப்போது காட்டுவதாக உத்தேசம்?

ஆகவே ஐயா அவர்களைக் கேட்டுக்கொள்வது: அந்தச் சான்றிதழையும் அதன் புள்ளிகளையும் ரத்து செய்யுங்கள். நோயாளிக்காக எழுந்து போகும் மருத்துவர், விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர வழி செய்யுங்கள். கேள்விகளையும் கொஞ்சம் மாற்றி எழுதச் சொல்லுங்கள். இவையெல்லாம் மெதுவாக நடக்கட்டும். ஒன்று மட்டும் வியாழனுக்குள் வேண்டும்.

அந்தப் பாடத்தை எனக்கு ஒருமுறை திறந்துவிடுங்கள். புள்ளி வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். என் பதிவை நீக்குவது என்று முடிவு செய்தால் அதையும் செய்துகொள்ளுங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை செய்யுங்கள். அந்தப் பெண்ணுக்குச் சரியான பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டு, வாசலில் உள்ள பெயர்ப்பலகையை நானே கழற்றித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்கு அல்ல, அந்தப் பாடத்துக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
பொது மருத்துவர்

இடம்: மருத்துவமனை உள்ளறை
நாள்: அறிவிப்பு கிடைத்த மறுநாள், செவ்வாய்க்கிழமை

இணைப்பு: சான்றிதழ், ஒன்று.